சுகாதாரக் குழுவும் சொந்தத் தொடர்பும்

(தென்காசி வட்டாரத்தில் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தொட்டதும் குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிடுகிறது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீர் கொட்டுகிறது என்னும் செய்தி பரவியவுடன் தமிழகத்தின் நாலா பக்கங்களிலிருந்தும், அண்டையிலுள்ள கேரளத்திலிருந்தும் மக்கள் வந்து குவிகிறார்கள். வந்தவர்கள் குளித்து மகிழ்ந்து ஊர் திரும்புகிறார்கள். நீரோ திரும்பிப் போவதில்லை. அது சிற்றாறாகித் தென்காசியைக் கடந்து, வழியிலுள்ள கால்வாய்களையும் குளங்களையும் நிரப்பிக்கொண்டு சென்று, சீவலப்பேரிக்கு அருகே தாமிரபரணியோடு கலக்கிறது. மேலே ஒருவர் கழுவிவிட்ட அழுக்கு, கீழே மற்றொருவர் வயலுக்கும் கிணற்றுக்கும் வந்து சேருகிறது. குற்றாலம் தனிப் பேரூராட்சி. நம் ஊராட்சிகளைச் சேர்ந்ததன்று. ஆயினும் எல்லைக்கல்லைக் கண்டு தண்ணீர் நிற்பதில்லை. ஆகையால் சுகாதாரம் என்பது இப்பகுதியில் ஒரு வீட்டுக்காரர் தம் வீட்டோடு முடித்துக்கொள்ளக்கூடிய காரியமன்று. பலர் கூடியிருந்து பேசி முடிவு செய்ய வேண்டிய காரியம். பலர் கூடிப் பேசுவதற்குத்தான் குழு வேண்டியிருக்கிறது.

கழிப்பிடம் கட்டுவதைப் பற்றியும், நீர்த்தொட்டி கழுவுவதைப் பற்றியும் நீங்கள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறீர்கள். இன்று நான் அவற்றைத் திருப்பிச் சொல்லப் போவதில்லை. அவற்றையெல்லாம் முடிவு செய்கிற குழு எவ்வாறு உட்கார வேண்டும், எவ்வாறு பேச வேண்டும், பேசப்படும் பொருள் உறுப்பினர் ஒருவருடைய சொந்தக் காரியமாகவும் இருந்துவிட்டால் அவர் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

கிராமத்திற்கென ஒரு சுகாதாரக் குழு என்பது புதிய எண்ணமன்று. 1943-ஆம் ஆண்டில் சர் ஜோசப் போர் என்பவரின் தலைமையில் அமைந்த குழு, 1946-இல் தன் அறிக்கையை அளித்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார் அதில் ஓர் உறுப்பினர். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கெல்லாம் வித்தாக அமைந்தது அந்த அறிக்கையே. கிராமந்தோறும் 5 முதல் 7 பேர் கொண்ட சுகாதாரக் குழு இருக்க வேண்டும் என்பதும் அது கூறிய யோசனைகளுள் ஒன்று. பின்னர் 2005-இல் தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் தொடங்கியபோது இவ்வெண்ணம் உருவம் பெற்றது. கிராமச் சுகாதாரம், குடிநீர், துப்புரவு, ஊட்டச்சத்து ஆகியவற்றுக்கான குழு என்று நாம் அழைப்பது அதனையே. ஊர்த் தேவைக்கேற்பத் தானே முடிவு செய்து செலவிடுவதற்கு ஆண்டுக்கு ரூ.10,000 வரை வழங்குவது என்றும் அத்திட்டத்தில் வகுக்கப்பட்டது. தொகை சிறிது என்று எண்ணிவிடாதீர்கள். நீர்த்தொட்டியில் என்ன மருந்து, எப்போது, யார் கையால் விழ வேண்டும் என்பது போன்ற, உயிரோடு தொடர்புள்ள முடிவுகள் அச்சிறு குழுவின் முன்னர்தான் வருகின்றன.

இத்தகைய குழு நடத்தும் முறைக்கு நல்லதொரு மாதிரி நம் நாட்டிலேயே உண்டு. அது நாடாளுமன்றத்தின் சுகாதார, குடும்பநல நிலைக்குழு. 1993-ஆம் ஆண்டில் துறைவாரியாக 17 நிலைக்குழுக்கள் அமைக்கப்பட்டன. 2004-இல் அவை 24 ஆயின. சுகாதாரக் குழு மாநிலங்களவைத் தலைவரின் பொறுப்பில் அமைவது. மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர், ஆக 31 உறுப்பினர்கள். அமைச்சர் எவரும் இதில் உறுப்பினராக இருத்தல் ஆகாது. செலவு செய்பவரே செலவைச் சோதிப்பவராகவும் இருக்கக்கூடாது என்பது இதன் கருத்து.

அக்குழு எவ்வாறு வேலை செய்கிறது? முதலாவதாக, எவற்றை ஆராய்வது என்பதைத் தொடக்கத்திலேயே தேர்ந்துகொள்கிறது. வரவு செலவுத் திட்டம் வைக்கப்பட்டதும் சுகாதாரத் துறையின் மானியக் கோரிக்கைகளை எடுத்து, ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு, பலன் என்ன என்று வரிவரியாகப் பார்க்கிறது. தன்னிடம் அனுப்பப்பட்ட மசோதாக்களையும், துறையின் ஆண்டறிக்கைகளையும் ஆராய்கிறது. அன்றாட நிர்வாகத்தில் தலையிடுவதில்லை. இரண்டாவதாக, அதிகாரிகளையும் வல்லுநர்களையும் அழைத்துச் சாட்சியம் கேட்கிறது. வேண்டும்போது பொதுமக்களின் கருத்தையும் எழுத்தில் பெறுகிறது. மூன்றாவதாக, உறுப்பினரில் மூன்றில் ஒரு பங்கினர் வந்திராவிடில் கூட்டம் நடைபெறுவதில்லை. நான்காவதாக, எல்லாக் கட்சியினரும் இருப்பினும் பெரும்பாலும் ஒருமித்த கருத்தோடு அறிக்கை எழுதப்படுகிறது. உடன்படாத உறுப்பினர் தம் மறுப்பை எழுதிச் சேர்க்கலாம். ஐந்தாவதாக, அறிக்கை கொடுத்ததோடு வேலை முடிந்ததாகக் கருதுவதில்லை. பரிந்துரையின் மீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று துறையைக் கேட்டு, அந்தப் பதிலின் மீதும் மற்றோர் அறிக்கை எழுதுகிறது.

அக்குழுவுக்கு ஆணையிடும் அதிகாரம் இல்லை. பரிந்துரைக்கும் உரிமை மட்டுமே உண்டு. ஆயினும் முறையாகக் கேட்டு, முறையாக எழுதப்பட்ட சொல்லுக்கு ஒரு வலிமை உண்டு. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். மருத்துவக் கல்வியை மேற்பார்வையிட்டு வந்த இந்திய மருத்துவக் கழகத்தின் அமைப்பையும் போக்கையும் ஆராய்ந்து, இக்குழு 2016 மார்ச்சில் தன் 92-ஆவது அறிக்கையை அளித்தது. அக்கழகத்தை அது கடுமையாகக் குறை கூறிற்று. 2019-இல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. 2020 செப்டம்பரில் பழைய கழகத்தின் இடத்தில் புதிய ஆணையம் வந்தது. அச்சட்டத்தில் ஒரு விதியைக் கவனியுங்கள். ஆணையத்தின் தலைவரும் உறுப்பினர்களும் பதவியேற்கும்போதும் பதவி விலகும்போதும் தம் சொத்தையும் கடனையும் தெரிவிக்க வேண்டும். தமக்குள்ள தொழில், வணிகத் தொடர்புகளையும் தெரிவிக்க வேண்டும். அவை ஊரறிய வெளியிடப்படவும் வேண்டும்.

இந்த இடத்தில்தான் என் பேச்சின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். பொதுக் காரியத்தில் ஒருவருக்கு உள்ள இத்தகைய தனிப்பட்ட ஆதாயத்தையோ உறவையோ ‘சொந்தத் தொடர்பு’ என்று நான் குறிப்பிடுகிறேன். இதைப் பற்றிய பாடத்தை நம் நாடாளுமன்றம் தன் இளம் பருவத்திலேயே கற்றுக்கொண்டது. 1951-இல், முதற் பொதுத் தேர்தலுக்கு முன்பிருந்த தற்காலிக நாடாளுமன்றத்தில், முத்கல் என்னும் உறுப்பினர் பம்பாய்த் தங்கம் வெள்ளி வியாபாரிகளின் சங்கத்திடம் பண உதவி பெற்று, அதற்கு ஆதரவாக அவையில் காரியங்கள் செய்தார் என்று புகார் எழுந்தது. பிரதமர் நேருவே விசாரணைக் குழு அமைக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி அதற்குத் தலைமை தாங்கினார். புகார் உண்மை என்று குழு கண்டது. அவர் முந்திக்கொண்டு பதவியை விட்டு விலகினார். ஆயினும் அவர் வெளியேற்றப்படத் தக்கவரே என்று அவை தீர்மானித்தது.

தவறு நடந்தபின் தண்டிப்பது ஒரு வழி. தவறுக்கு இடமே இல்லாமல் முன்னதாகவே வெளிப்படுத்திக்கொள்வது அதனினும் நல்ல வழி. மாநிலங்களவை இந்த இரண்டாம் வழியை வகுத்திருக்கிறது. அங்கே உறுப்பினர்களின் சொந்தத் தொடர்புகளுக்கென ஒரு பதிவேடு உண்டு. ஊதியமுள்ள இயக்குநர் பதவி, ஊதியமுள்ள வேறு நிரந்தர வேலை, ஒரு நிறுவனத்தைத் தம் கைக்குள் வைத்திருக்குமளவு பங்குகள், கட்டணம் பெற்று ஆலோசனை கூறுதல், தொழில்முறை ஈடுபாடு ஆகிய 5 வகைகளை அதில் எழுத வேண்டும். எழுதிவிட்டதோடு கடமை தீரவில்லை. அவையிலோ குழுவிலோ தமக்குப் பணத் தொடர்போ வேறு சொந்தத் தொடர்போ உள்ள பொருள் வருமானால், பதிவேட்டில் முன்பே எழுதியிருந்தபோதிலும், அத்தொடர்பு இன்னதென்று அப்போதே சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன் விவாதத்தில் கலந்துகொள்ளலாகாது. சொல்லிவிட்டுப் பேசுக என்பதே விதியின் சாரம். இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் குழுக்களிலும், குழு புதிதாக அமைந்து முதன்முறை கூடும்போதே உறுப்பினர்கள் தங்கள் தொடர்புகளைத் தெரிவித்து, அவை நடவடிக்கைக் குறிப்பில் ஏறுவது வழக்கம்.

எது சொந்தத் தொடர்பு, எது அன்று என்று நீங்கள் கேட்கலாம். இதற்கும் மக்களவை விதிகளில் தெளிவான அளவுகோல் இருக்கிறது. ஒருவருக்குத் தனியாக உரிய நலனே சொந்தத் தொடர்பு. பொதுமக்களோடோ ஒரு வகுப்பாரோடோ சேர்ந்து பொதுவாக உள்ள நலன் அதில் சேராது. ஊர்க் குளத்தில் கழிவுநீர் கலப்பதைத் தடுக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் வருகிறது என வைத்துக்கொள்வோம். அக்குளத்துப் பாசனத்தில் உங்களுக்கு ஓர் ஏக்கர் நஞ்சை இருக்கிறது. நீங்கள் பேசலாமா? தாராளமாகப் பேசலாம். அந்த ஆயக்கட்டிலுள்ள அத்தனை பேருக்கும் உள்ள நலன்தான் உங்களுக்கும். ஆனால் கழிவுநீரைத் திருப்பிவிடும் வாய்க்காலை உங்கள் வயலை ஒட்டி வெட்டுவதா, அடுத்தவர் வயலை ஒட்டி வெட்டுவதா என்று வரும்போது நிலைமை வேறு. அது உங்களுக்கே தனியாக உரியது. அங்கே சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும்.

இவையெல்லாம் தில்லிக் காரியங்கள். நம் ஊரில் ஒருவருக்கொருவர் மாமன், மைத்துனன், சம்பந்தி. யாரைத் தொட்டாலும் உறவு வரும். தொடர்புள்ளவர் எல்லாம் விலகினால் குழுவில் யார் மிஞ்சுவார் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நானும் அவ்வாறு எண்ணியிருந்தவன்தான். அவ்வெண்ணம் எனக்கு எப்படி மாறியது என்பதைக் கூச்சத்தோடு சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு மாவட்டத்தில் நான் விரிவாக்க அலுவலராக இருந்தேன். ஒரு கிராமத்துச் சுகாதாரக் குழு, குடிநீர்த் தொட்டிக்குப் பிளீச்சிங் பவுடர் வாங்குவதற்காக மூன்று கடைகளில் விலை கேட்டிருந்தது. அக்கூட்டத்தில் நானும் இருந்தேன். மூன்றில் குறைந்த விலை கொடுத்திருந்தது என் மைத்துனர் கடை. எனக்கு அது தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். விலை குறைவு, விதிப்படி வந்த புள்ளி, இதில் நான் ஒரு காசும் தொடவில்லை, சொல்ல என்ன இருக்கிறது என்று வாய் மூடியிருந்தேன். அக்கடையிலேயே வாங்கினார்கள்.

பிளீச்சிங் பவுடர் புதிதாக இருக்கும்போது அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். ஈரமும் வெயிலும் பட்டு நாட்பட்டால் அந்தச் சத்து போய்விடும். வெறும் சுண்ணாம்புத் தூள்தான் மிஞ்சும். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும். வாங்கிய மூட்டை நாட்பட்ட சரக்கு. மருந்து போட்ட பிறகும் சோதனைக் குழாயில் நிறம் ஏறவில்லை என்பதைக் கிராமச் சுகாதாரச் செவிலியர் முதல் வாரமே கண்டுவிட்டார். அடுத்த கூட்டத்தில் அவர் வந்து உட்கார்ந்திருந்தார், ஒன்றும் பேசவில்லை. இரண்டு வாரம் சென்றது. மழையும் பிடித்துக்கொண்டது. ஒரு தெருவில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. சிலரை ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தது. கடவுள் புண்ணியத்தில் உயிர்ச்சேதம் இல்லை.

“முன்பே ஏன் அம்மா சொல்லவில்லை?” என்று அந்தச் செவிலியரைக் கேட்டேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “ஐயா, அது தங்கள் மைத்துனர் கடைச் சரக்கு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். தங்கள் முன்னால் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன்.”

அன்று எனக்கு ஓர் உண்மை விளங்கிற்று. நான் மறைத்ததாக நினைத்தது ஊரெல்லாம் தெரிந்திருந்தது. என் மௌனம் என் வாயை மட்டும் மூடவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டியவரின் வாயையும் சேர்த்து மூடிவிட்டது. “இது என் மைத்துனர் கடை, சரக்கை நன்றாகச் சோதித்து வாங்குங்கள்” என்று அன்று நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால், அந்த அம்மையார் முதல் வாரமே எழுந்து நின்று பேசியிருப்பார். அக்குழந்தைகள் ஆஸ்பத்திரிப் படி ஏறியிருக்க மாட்டார்கள். நான் பணம் வாங்கவில்லை என்பது உண்மை. ஆனால் அந்த உண்மை அத்தெருவுக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

ஆகவே, தொடர்பைச் சொல்வது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. மற்றவர்கள் அச்சமின்றிப் பேச வழி திறந்துவிடுவதே அதன் பயன். உறவில்லாதவர்களைக் கொண்டு குழு அமைக்க நம் கிராமங்களில் முடியாது; அமைக்கவும் வேண்டாம். நாடாளுமன்றச் சுகாதாரக் குழுவிலும் மருத்துவர்கள் உறுப்பினராக இருந்ததுண்டு. அவர்களுடைய அறிவு குழுவுக்குத் தேவை. தொடர்புடையவர் எல்லாம் வெளியேற வேண்டும் என்பது நோக்கமன்று. தொடர்பு எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே நோக்கம். ஒன்றை மட்டும் மறவாதீர்கள். ஊராட்சியோடு நடப்பிலுள்ள ஒப்பந்தத்தில் சொந்தத் தொடர்புடையவர், சில விலக்குகள் நீங்கலாக, உறுப்பினராக இருப்பதற்கே தகுதியற்றவர் என்று 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கூறுகிறது. அத்தகைய தொடர்பு, சொல்லிவிட்டால் தீர்ந்துவிடுவதன்று.

இனி, நாம் நம் ஊரில் செய்யக்கூடியதைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று: ஆண்டுத் தொடக்கத்திலேயே அவ்வாண்டில் பார்க்க வேண்டிய காரியங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சாரல் தொடங்குவதற்கு முன் நீர்த்தொட்டி, கிணறு, கால்வாய். வடகிழக்குப் பருவத்திற்கு முன் கொசு ஒழிப்பு என்று காலத்தோடு பொருத்திக்கொண்டால், நோய் வந்தபின் ஓட வேண்டியதில்லை.

இரண்டு: ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் வாங்கி, அதைத் தொடர்புப் பதிவேடாக வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடை, பலசரக்குக் கடை, தங்கும் விடுதி, கழிவுநீர் லாரி, ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் இயந்திரம், வாகன நிறுத்தக் குத்தகை, துணைச் சுகாதார நிலையத்திற்கு விலைபேசப்படும் நிலம் ஆகியவற்றில் தமக்கோ நெருங்கிய உறவினருக்கோ பங்கிருந்தால் ஒவ்வோர் உறுப்பினரும் அதில் எழுதிக் கையெழுத்திடட்டும். கூட்டத்திற்கு வரும் அலுவலரும் எழுதட்டும். முதல் கையெழுத்து அவருடையதாக இருப்பின் இன்னும் நல்லது.

மூன்று: ஒவ்வொரு கூட்டத்திலும், “இன்றைய பொருள்களில் யாருக்கேனும் சொந்தத் தொடர்பு உண்டா?” என்று தலைவர் முதலில் கேட்கட்டும். தொடர்புள்ளவர் அதைச் சொல்லி, தமக்குத் தெரிந்த விவரத்தையும் கூறிவிட்டு, முடிவெடுக்கும் நேரத்தில் எழுந்து சற்று வெளியே இருக்கட்டும். அவர் சொன்னதும், வெளியே சென்றதும் நடவடிக்கைக் குறிப்பில் எழுதப்படட்டும்.

நான்கு: செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், தொட்டி இயக்குபவர், தூய்மைப் பணியாளர் ஆகியோரைக் கூட்டத்தில் பேசச் சொல்லிக் கேளுங்கள். நாடாளுமன்றக் குழு சாட்சியம் கேட்பதற்கு ஒப்பானது இது. அவர்கள் பேசாதிருந்தால், குறை இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். ஏன் பேசவில்லை என்று எண்ணிப் பாருங்கள்.

ஐந்து: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூட வேண்டும் என்பது ஏற்பாடு. குழுவின் முடிவுகளையும், அறிவிக்கப்பட்ட தொடர்புகளையும், சென்ற முறை சொன்னதில் நிறைவேறியது எது, நிறைவேறாதது எது என்பதையும் அங்கே உரக்கப் படியுங்கள்.

இவற்றுக்குப் பெரிய செலவில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும் போதும். மேலேயிருந்து வரும் நீர் தெளிவாக இருக்க வேண்டுமென்று நாம் எதிர்பார்க்கிறோம். நம் குழுவில் எடுக்கப்படும் முடிவும் அடிமண் தெரியும்படி தெளிவாக இருக்கட்டும். அடுத்த கூட்டத்திலேயே இதைத் தொடங்குங்கள். உங்கள் கூட்டத்திற்கு நான் வரும்போது அந்த நோட்டுப் புத்தகத்தை என்னிடம் முதலில் நீட்டுங்கள். நான் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே நாற்காலியில் அமர்வேன்.